ஒரே ஏலம் இரண்டு தடவை பதிவானால் லாக்கில் எதைத் தேடுவது?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலக் கணக்குக்காக ஒரு செயலி நடத்தும் நண்பர் கேட்ட கேள்வி இது. சர்வர் எக்ஸ்பிரஸில் (ஜாவாஸ்கிரிப்ட் சர்வர் கட்டமைப்பு) எழுதியது, முன்னால் என்ஜின்எக்ஸ் (வருவதை வாங்கி உள்ளே அனுப்பும் வாசல் சர்வர்) நிற்கிறது. போனிலிருந்து வருகிற ரிக்வெஸ்ட், சர்வரிலிருந்து பதிலாகப் போகிற ரெஸ்பான்ஸ் எல்லாவற்றையும் கன்சோல் லாக் என்ற அச்சிடும் கட்டளை போட்டு ஒரு ஃபைலில் சேர்க்கிறார்கள், அதுதான் லாக். நாளைக்குச் சுமார் 1 லட்சம் ரிக்வெஸ்ட். விடியற்காலை ஏலத்தில் சில நாள் ஒரே கூடை இரண்டு தடவை பதிவாகி, வியாபாரியின் பேரில் பணம் இரட்டிப்பாக ஏறிவிடுகிறது. லாக்கைப் பார்த்தால் எல்லாமே 200, 201 என்ற வெற்றிக் குறியீடுதான். போதாக்குறைக்கு டிஸ்க்கும் நிரம்பிவிட்டது. "இன்னும் விவரமாக லாக் எழுத வேண்டுமா? எதை, எந்த இடத்தில், எவ்வளவு நாள்?" என்று கேட்கிறார்.

நான் புதுச்சேரியில் பதினைந்து வருடமாக இந்த மாதிரி சர்வர்களைக் கட்டி மேய்த்து வருகிறேன். என் பதில்: இன்னும் விவரமாக வேண்டாம். இப்போது எழுதுவதில் முக்கால்வாசியை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக, இப்போது உங்கள் லாக்கில் இல்லாத ஒரே ஒரு எண்ணைச் சேருங்கள். அந்த எண்ணைப் பற்றித்தான் நிறையச் சொல்லப் போகிறேன், ஆனால் முதலில் இருக்கிற குப்பையை ஒதுக்கிவிடலாம்.

கன்சோல் லாக் ஒரு ஆப்ஜெக்டை (புலங்களாக அடுக்கிய தரவை) அச்சிடும்போது இரண்டு அடுக்கு ஆழம்தான் இறங்கும். அதற்கும் கீழே இருப்பதை வெறும் "[ஆப்ஜெக்ட்]" என்று போட்டுவிட்டுப் போய்விடும். உங்கள் பாடியில் (ரிக்வெஸ்டும் ரெஸ்பான்ஸும் சுமந்துவரும் தரவில்) ஏலம், அதற்குள் கூடைகளின் பட்டியல், ஒவ்வொரு கூடைக்குள்ளும் மீன் வகை, எடை, விலை என்று இருக்கிறது. ஆக, வஞ்சிரம் எத்தனை கிலோ, என்ன விலைக்குப் போனது என்ற விவரம்தான் சரியாக அந்த "[ஆப்ஜெக்ட்]" ஆகிப்போயிருக்கும். நீங்கள் அனுப்பிய துண்டில் அதையேதான் பார்த்தேன். இத்தனை ஜிபி எழுதியும் தேவையான எடை மட்டும் அதில் இல்லை.

இன்னொரு பிரச்சினை. லினக்ஸில் ஃபைலுக்கோ பைப்புக்கோ போகும் கன்சோல் லாக், எழுதி முடியும் வரை நோட் ஜேஎஸ்ஸை (எக்ஸ்பிரஸை ஓட்டும் அடித்தளத்தை) நிறுத்தி வைக்கும். நோட் ஜேஎஸ்ஸின் வேலை ஓடுவது ஒற்றை இழையில். ஒருவருடைய விலைப்பட்டியலை லாக்கில் கொட்டும் நேரத்தில் மற்ற எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். படகுகள் கரையணைந்து, எல்லா வியாபாரிகளும் ஒரே பத்து நிமிடத்தில் போனைத் தட்டும்போது இது நன்றாகவே உறைக்கும்.

டிஸ்க் கணக்கு எளிது. விலைப்பட்டியல் ரெஸ்பான்ஸ் 20 கேபி என்கிறீர்கள். 1 லட்சம் தடவை அதை எழுதினால் ஒரு நாளைக்கு 2 ஜிபி. ஒரு ரிக்வெஸ்டுக்கு 400 பைட்டில் ஒரே ஒரு வரி எழுதினால் அதே நாளுக்கு 40 எம்பி. இந்த மாதிரி வரிகள் ஜிஸிப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும், அதாவது 4 எம்பி. ஆறு மாதம் வைத்திருந்தாலும் 1 ஜிபியைத் தொடாது.

இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். இங்கே புதுச்சேரியில் ஒரு விடுதியின் அறைப் பதிவு சர்வர். பாடியை முழுசாக எழுதிக்கொண்டிருந்தது. பொங்கல் விடுமுறை, கூட்டம் நெருக்கியடிக்கிற சனிக்கிழமை மாலை. டிஸ்க் நிரம்பி, டேட்டாபேஸ் எழுத முடியாமல் திணறி, பதிவு நின்றுபோனது. அவசரத்தில் லாக் ஃபைலை அழித்தேன். அப்புறமும் டிஸ்க் 100 சதவீதம் என்றே காட்டியது. ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் வரை, பெயரை அழித்தாலும் இடம் திரும்பி வராது. அது அப்போது எனக்குத் தெரியவில்லை. சர்வரை நிறுத்தித் தொடங்கிய பிறகுதான் மூச்சு வந்தது. மறுநாள் பழைய லாக்கைப் பிரித்துப் பார்த்தபோதுதான் நிஜமாகவே மனசு கலங்கியது: விருந்தினர்கள் அனுப்பிய ஆதார் படங்கள் பேஸ்64 எழுத்துகளாக அதில் வரிசையாகக் கிடந்தன. யாரோ நம்பிக் கொடுத்ததை, யாரும் கேட்காமலே நான் இன்னொரு பிரதி எடுத்து வைத்திருந்தேன். அன்றிலிருந்து பாடியை முழுசாக எழுதுவதில்லை.

சரி, எதை எழுதுவது?

ஒரு ரிக்வெஸ்டுக்கு ஒரு வரி, ஜேசன் (பெயரும் மதிப்புமாக எழுதும் முறை) வடிவில், ரெஸ்பான்ஸ் முடிந்த பிறகு. வரும்போது ஒரு வரி, போகும்போது ஒரு வரி என்று எழுதினால் இரண்டையும் ஜோடி சேர்ப்பதே தனி வேலையாகிவிடும். நேரம், ரிக்வெஸ்ட் ஐடி, மெத்தட், வழியின் வடிவம், பயனர் எண், நிலைக் குறியீடு, ரெஸ்பான்ஸ் எத்தனை பைட், எத்தனை மில்லி விநாடி, இவ்வளவு போதும். வழியின் வடிவம் என்றால், "ஏலம் 8812" என்ற முழு முகவரியாக இல்லாமல் "ஏலம், எண்" என்ற ரூட். அப்போதுதான் எந்த வழி மெதுவாக இருக்கிறது என்று கூட்டிப் பார்க்க முடியும். கால அளவைச் சாதாரணக் கடிகாரத்தில் எடுக்காதீர்கள். சர்வர் நேரத்தைத் திருத்தும்போது அது முன்பின் நகரும். நோட் ஜேஎஸ்ஸின் ஹெச்ஆர்டைம் அப்படி நகராது. ஐபி முகவரியை எழுதலாம், ஆனால் அதை வைத்து ஆளை அடையாளம் காண முயலாதீர்கள். மொபைல் நெட்வொர்க்கில் பல போன்கள் ஒரே ஐபியில் வெளியே வரும்.

இந்த வரியை எழுதும் மிடில்வேர் (ரிக்வெஸ்ட் கடந்துபோகும் இடைநிலை நிரல்) எல்லாவற்றுக்கும் முதலில் இருக்க வேண்டும், பாடியைப் பிரித்துப் படிக்கும் ஜேசன் பார்சருக்கும் முன்னால். பார்சருக்குப் பின்னால் வைத்தால், பாதியில் அறுந்து வந்த பாடி 400 (தவறான ரிக்வெஸ்ட்) வாங்கிக்கொண்டு லாக்குக்கே தெரியாமல் திரும்பிவிடும்.

வரியை எப்போது எழுதுவது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. ரெஸ்பான்ஸில் ஃபினிஷ், குளோஸ் என்று இரண்டு ஈவென்ட் (நிகழ்வு அறிவிப்பு). கடைசிப் பைட் வரை ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் ஒப்படைத்ததும் ஃபினிஷ் வரும். இணைப்பு நடுவில் அறுந்தால் ஃபினிஷ் வராது, குளோஸ் மட்டும்தான் வரும். ஃபினிஷை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் லாக்கில் அறுந்துபோன ரிக்வெஸ்டுகள் தடயமே இல்லாமல் மறைந்துவிடும். ஆகவே குளோஸில் எழுதுங்கள், அந்த நேரத்தில் ரெஸ்பான்ஸ் முழுசாக முடிந்ததா என்று பார்த்து, அதையும் ஒரு புலமாகச் சேருங்கள்.

ஆனால் கவனியுங்கள்: ஃபினிஷ் என்றாலும் போனுக்குப் போய்ச் சேர்ந்தது என்று பொருள் இல்லை. "என் கையை விட்டுப் போனது" என்பது மட்டும்தான் அதன் பொருள். உங்கள் விஷயத்தில் எக்ஸ்பிரஸ் ஒப்படைப்பது போனிடம்கூட இல்லை, என்ஜின்எக்ஸிடம். என்ஜின்எக்ஸ் ரெஸ்பான்ஸை வாங்கி வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸை உடனே விடுவித்துவிடும். அதனால்தான் உங்கள் லாக்கில் எல்லாம் வெற்றிக் குறியீடு.

அந்த ஜெட்டியில் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். கணக்குப்பிள்ளை ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு "பதிவு" பட்டனை அழுத்துகிறார். ரிக்வெஸ்ட் சர்வருக்கு வந்துவிட்டது, டேட்டாபேஸில் ஏறிவிட்டது, ரெஸ்பான்ஸ் கிளம்பியும்விட்டது. அந்த நொடியில் சிக்னல் போகிறது. செயலி பத்து நொடி காத்திருந்து, அதே பதிவை மறுபடி அனுப்புகிறது. சர்வருக்கு இது புது ரிக்வெஸ்ட். இன்னொரு ஏலம், இன்னொரு ரசீது. போனும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, சர்வரும் சரியாகத்தான் செய்தது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லும் எண் மட்டும் யாரிடமும் இல்லை.

அந்த எண்ணைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். பட்டனை அழுத்திய கணத்தில், போனிலேயே, ஒரு செயல் எண்ணை உருவாக்குங்கள். எத்தனை தடவை மறுபடி அனுப்பினாலும் அதே எண் ஹெடரில் (ரிக்வெஸ்டின் தலைப்பு விவரங்களில்) போக வேண்டும். ரிக்வெஸ்ட் ஐடி வேறு: அது ஒவ்வொரு முயற்சிக்கும் புதுசு. செயல் எண் மனிதர் செய்த காரியத்துக்கு உரியது. ரிக்வெஸ்ட் ஐடி, அந்தக் காரியத்துக்காகச் சர்வர் வரை நடந்த ஒவ்வொரு நடைக்கும் உரியது. இரண்டும் லாக்கில் இருந்தால் இப்படித் தெரியும்:

05:12:41 | ரிக்வெஸ்ட் 80417 | செயல் 5520931 | ஏலப் பதிவு | பயனர் 212 | 201 | 180 மி.வி.
05:12:52 | ரிக்வெஸ்ட் 80466 | செயல் 5520931 | ஏலப் பதிவு | பயனர் 212 | 201 | 174 மி.வி.

பதினொரு நொடி இடைவெளி, ஒரே செயல் எண், இரண்டு தடவை 201 (புதுப் பதிவு உருவானது). இரண்டு வரியிலேயே கதை முடிந்துவிட்டது. பாடியைத் திறக்கவே தேவையில்லை.

கண்டுபிடித்த கையோடு சரிசெய்துவிடவும் முடியும். ஏல அட்டவணையில் செயல் எண்ணுக்கு யுனிக் கட்டுப்பாடு (ஒரே எண் இரண்டு தடவை ஏறாதபடி தடுப்பது) போடுங்கள். இரண்டாவது தடவை வந்தால் புதுப் பதிவு போடாமல், முதல் ரசீதையே எடுத்து 200 என்று திருப்பிக் கொடுங்கள், லாக்கில் "மறுமுயற்சி" என்று ஒரு புலம் விழட்டும். "இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் போடு" என்று கோடில் (நிரலில்) மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டுமே "இல்லை" என்று பார்த்துவிட்டு உள்ளே நுழைந்துவிடும். டேட்டாபேஸ்தான் காவல் நிற்க வேண்டும்.

என்ஜின்எக்ஸ் லாக்கையும் இதோடு கோர்க்க வேண்டும். 1.11.0 பதிப்பிலிருந்து அதுவே ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் 32 எழுத்தில் ஒரு ஐடி தருகிறது. அதை ஹெடராக எக்ஸ்பிரஸுக்குத் தள்ளிவிடுங்கள், இரண்டு லாக்கிலும் அதே ஐடி விழும். கூடவே இரண்டு நேரங்களை என்ஜின்எக்ஸ் ஃபார்மேட்டில் சேருங்கள், வழக்கமான கம்பைன்ட் ஃபார்மேட்டில் அவை இல்லை: ரிக்வெஸ்டுக்கு ஆன மொத்த நேரம் ஒன்று, பின்னால் இருக்கும் செயலி பதில் தர எடுத்துக்கொண்ட நேரம் இன்னொன்று. மொத்தம் 6 நொடி, செயலிக்கு 0.2 நொடி என்றால் உங்கள் கோடு மேல் தப்பில்லை, போனின் இணைப்புதான் இழுக்கிறது. "ஆப் ஸ்லோவா இருக்கு" என்று துறைமுகத்திலிருந்து போன் வரும்போது இந்த இரண்டு எண்ணையும் பார்த்தால் அந்த நிமிடமே பதில் சொல்லிவிடலாம். இதைவிடப் பலன் தரும் ஒரு மாற்றம் லாக்கில் எனக்குத் தெரிந்து இல்லை.

என்ஜின்எக்ஸ் லாக்கில் 499 என்று ஒரு குறியீட்டைப் பார்ப்பீர்கள். பதில் வருவதற்கு முன்பே எதிர்முனை இணைப்பை மூடிவிட்டது என்று பொருள். அதைப் பார்த்து "அந்த ரிக்வெஸ்ட் தோற்றுவிட்டது" என்று நினைத்துவிடாதீர்கள். எக்ஸ்பிரஸ் அதற்குள் டேட்டாபேஸில் எழுதி முடித்திருக்கலாம். சிக்னல் திடீரென்று போய்விட்டால் 499 கூட விழாமல் போகலாம், ஏனென்றால் மூடும் செய்தியே சர்வர் வரை வந்து சேர்ந்திருக்காது. செயல் எண்ணுக்கு மாற்று இல்லை என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

நேரம் பற்றி ஒரு விஷயம், கடலூரில் இது இன்னும் முக்கியம். உங்கள் எக்ஸ்பிரஸ் லாக் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதுகிறது, என்ஜின்எக்ஸ் இந்திய நேரத்தில் எழுதுகிறது. நாம் யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். காலை 5:12-க்கு நடந்த ஏலம் யூடிசியில் முந்தின நாள் இரவு 23:42. ஐந்தரைக்கு முன் நடந்த ஒவ்வொரு ஏலமும் நேற்றைய தேதி ஃபைலில் கிடக்கிறது! "லாக்கில் அந்த ரிக்வெஸ்டே இல்லை" என்று நீங்கள் சொன்ன இரண்டு சம்பவமும் 5 மணிக்கும் 5:30-க்கும் நடுவில் நடந்தவை. முந்தின நாள் ஃபைலைத் திறந்து பாருங்கள், அங்கே இருக்கும். இரண்டு இடத்திலும் +05:30 என்று முடிவில் காட்டும்படி எழுதினால் இந்தக் குழப்பம் தீர்ந்தது.

இனி பாடி. எப்போதுமே எழுதக் கூடாதா என்றால், எழுதலாம். 500 (சர்வர் பிழை) வந்த ரிக்வெஸ்டுக்கும், விலை அல்லது எடை சரிபார்ப்பில் தள்ளப்பட்ட 400-களுக்கும் மட்டும் எழுதுங்கள். அதிலும் "இவற்றை மறை" என்ற பட்டியலை நம்பாமல் "இவற்றை மட்டும் எழுது" என்ற பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள்: ஏல எண், படகு எண், மீன் வகை, எடை, விலை. மறைக்கும் பட்டியலில் இன்றைக்கு ஓடிபி, பாஸ்வேர்டு என்று போடுவீர்கள். ஆறு மாதம் கழித்து யாரோ ஒரு தம்பி வங்கிக் கணக்கு எண்ணைப் புதுப் புலமாகச் சேர்ப்பார், அது நேராக லாக்கில் போய் உட்காரும். ஆத்தரைசேஷன் ஹெடரும் குக்கியும் எந்தக் காரணத்துக்கும் லாக்கில் வரக் கூடாது. லாக்கைப் படிக்க முடிந்தவர் அதை வைத்து அந்த வியாபாரியாகவே உள்ளே நுழைந்துவிடலாம்.

பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 2018 மே மாதம் ட்விட்டர் தன் பயனர்கள் எல்லோரையும் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னது. பாஸ்வேர்டுகள் ஹேஷ் (திரும்பப் படிக்க முடியாத வடிவம்) ஆவதற்கு முன்பே உள் லாக் ஒன்றில் அப்படியே பதிவாகியிருந்தன. 2021 டிசம்பரில் வெளிவந்த லாக்4ஜே (லாக் எழுதும் ஜாவா லைப்ரரி) ஓட்டை இன்னும் மோசம். வந்த ஹெடரை லாக்கில் எழுதியதே அங்கே வாசலைத் திறந்துவிட்டது. யூசர் ஏஜென்ட் என்ற ஹெடரில் ஒரு குறிப்பிட்ட சரத்தை அனுப்பினால், அதை எழுதப்போன லைப்ரரி வெளியிலிருந்து கோடை இறக்கி ஓட்டியது. அது ஜாவா உலகம், உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் வெளியிலிருந்து வருவதை ஒரு வரியோடு ஒரு வரியாக ஒட்டி எழுதும் பழக்கத்தை நீங்களும் விட வேண்டும். பாடியில் ஒரு புதுவரிக் குறியை நுழைத்து, உங்கள் லாக்கில் இல்லாத ஒரு வரியையே ஒருவர் உருவாக்கிவிடலாம். ஜேசனாக எழுதினால் அந்தக் குறி தானாகவே பாதுகாப்பாக மாறிவிடும்.

லாக் எழுத பினோ லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேசனாகவே எழுதும், மறைப்பதற்கு ரிடாக்ட் வசதியும் உண்டு, அதை இரண்டாவது வேலியாக வைத்துக்கொள்ளலாம். ரிக்வெஸ்ட் ஐடியையும் செயல் எண்ணையும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கையில் கொடுத்துக் கொடுத்து அனுப்ப வேண்டாம். நோட் ஜேஎஸ்ஸில் ஏசிங்க் லோக்கல் ஸ்டோரேஜ் இருக்கிறது, மிடில்வேரில் ஒரு தடவை வைத்தால் டேட்டாபேஸ் கோடு வரை கூடவே வரும்.

ரெஸ்பான்ஸ் பாடியைப் பிடிக்க நீங்கள் ஜேசன், சென்ட் இரண்டு ஃபங்ஷனையும் மாற்றி எழுதியிருக்கிறீர்கள். எக்ஸ்பிரஸில் ஆப்ஜெக்டை சென்டிடம் கொடுத்தால் அது ஜேசனைக் கூப்பிடும், ஜேசன் அதைச் சரமாக்கி மறுபடி சென்டைக் கூப்பிடும். அதனால்தான் உங்கள் லாக்கில் ஒரே ரெஸ்பான்ஸ் இரண்டு மூன்று தடவை விழுகிறது. அதை இரட்டைப் பதிவு என்று நினைத்து ஒரு நாள் முழுக்கத் தேடினதாகச் சொன்னீர்கள், அது வேறு, இது வேறு. ஜேசனை மட்டும் மாற்றினால் போதும்.

பணம் வந்ததாகப் பேமென்ட் நிறுவனம் அனுப்பும் வெப்ஹூக் (தானியங்கி அறிவிப்பு) மட்டும் விதிவிலக்கு. அதன் கையொப்பம் பாடி வந்த வடிவத்தின் மேல் போடப்படுவது. பார்ஸ் செய்து திரும்பச் சரமாக்கினால் ஒரு இடைவெளி மாறினாலும் பொருந்தாது. ஜேசன் பார்சரின் வெரிஃபை ஆப்ஷனில் மூலப் பைட்டுகளை எடுத்துச் சரிபாருங்கள். அவற்றை லாக்கில் போடாமல், அனுமதி கட்டுப்படுத்திய தனி அட்டவணையில் வையுங்கள். பணத் தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

எவ்வளவு நாள் வைப்பது என்ற கேள்விக்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் (இணையப் பாதுகாப்புக்கான இந்திய அரசு அமைப்பு) வெளியிட்ட உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் பத்திரப்படுத்த வேண்டும், சர்வரின் கடிகாரத்தையும் என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேரத்தோடு ஒத்துப்போக வைக்க வேண்டும். லாக்ரொட்டேட்டில் (லாக் ஃபைலைச் சுழற்றும் லினக்ஸ் கருவி) தினசரி, 180 பிரதி, சுருக்கு என்று போட்டுவிடுங்கள். சுழற்றிய பிறகு என்ஜின்எக்ஸுக்கு யூஎஸ்ஆர்1 சிக்னல் போக வேண்டும், இல்லையென்றால் பழைய ஃபைலிலேயே எழுதிக்கொண்டிருக்கும். பாடி எழுதும் அந்தப் பிழை லாக்கைத் தனி ஃபைலாக்கி, படிக்கும் அனுமதியை இரண்டு பேரோடு நிறுத்துங்கள்.

இதையெல்லாம் ஏல சீசனில் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். செயல் எண்ணையும் யுனிக் கட்டுப்பாட்டையும் இந்த வாரமே போட்டுவிடுங்கள், வியாபாரியின் பணம் அதில்தான் மாட்டியிருக்கிறது. மற்றதை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம், விசைப்படகு கடலுக்குப் போகாத அந்த 61 நாளில் உங்கள் சர்வருக்கும் வேலை குறைவு.

போட்டு முடித்ததும் அலுவலக வைஃபையில் சோதிக்காதீர்கள், அங்கே எல்லாம் நன்றாகத்தான் ஓடும். போனை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போங்கள். சோதனைப் பதிவுக்கு மட்டும் சர்வரில் மூன்று நொடி தாமதம் வையுங்கள். பட்டனை அழுத்தி, ஒரு நொடி விட்டு, ஏரோபிளேன் மோடுக்கு மாற்றுங்கள். பத்து நொடி கழித்துத் திரும்ப எடுங்கள். செயலி தானாக மறுபடி அனுப்பும். லாக்கில் ஒரே செயல் எண்ணில் இரண்டு வரி இருக்க வேண்டும், இரண்டாவதில் "மறுமுயற்சி" என்று இருக்க வேண்டும், போனில் தெரிகிற ரசீது எண்ணும் டேட்டாபேஸில் இருக்கிற ஒரே பதிவின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இருபது தடவை இப்படிச் செய்து பாருங்கள். ஒரு தடவை பிசகினாலும் அந்த இரண்டு வரியையும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.